ஏழாவது அடி

ஸ்பீக்கரில் அந்தப் பாட்டு ஆரம்பித்ததுமே கிரேஸுக்கு உச்சந்தலை சூடேறிவிடும். பாடுவது வேறு யாருமில்லை, அவளேதான். அவள் குரல், அவள் கட்டிய வரிகள், ரெக்கார்டு உறையின் மேல் பொடி எழுத்தில் அவள் பெயரும் இருக்கிறது. இருந்து என்ன புண்ணியம்? பெற்ற பிள்ளையே நடுத்தெருவில் நின்று தாயை ஏசுகிற மாதிரி இருக்கும் அவளுக்கு. பேக்கிங் மேஜையில் தகர மூடிகளை அடுக்கிக்கொண்டே, "அந்தச் சனியன நிறுத்துங்கடா!" என்று கத்துவாள். ஸ்பீக்கருக்குக் காது ஏது? அது பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கும்.

காக்களூரில் அந்த இடத்தை எல்லாரும் மூடிக் கம்பெனி என்றுதான் சொல்வார்கள். டப்பாக்களுக்குத் தகர மூடி அடிக்கிற கொட்டகை. ஐந்து பிரஸ் மெஷின்கள், நாற்பது ஆட்கள். திருப்பாச்சூரிலிருந்தும் திருவாலங்காட்டிலிருந்தும் வந்தவர்கள். நேற்றுவரை யாரோ ஒருவர் நிலத்தில் நாற்று நட்ட கைகள், இன்றைக்குத் தகரம் தள்ளின. நிழலில் வேலை, வாராவாரம் லீவு, பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று வந்தார்கள். கெட்டது அந்த நாலாம் நம்பர் மெஷின்தான்.

காலால் மிதித்தால் மேலே இருக்கிற இரும்பு இறங்கித் தகரத்தை வெட்டும். மூடியை எடுத்துவிட்டு அடுத்த தகரத்தை உள்ளே தள்ளி, மறுபடி மிதிக்க வேண்டும். எல்லா மெஷினுக்கும் இதுதான் வேலை. நாலாம் நம்பர் மட்டும் ஆறு அடி வரை சாதுவாக அடிக்கும். ஆறு முடிந்து கை உள்ளே போகிற நேரம் பார்த்து, யாரும் மிதிக்காமலே ஏழாவது அடியைத் தானாகப் போடும். உள்ளே ஒரு ஸ்பிரிங் தேய்ந்துவிட்டது என்றான் தேசப்பன். அந்த மெஷினில் உட்காருகிறவன் அவன். மெட்ராஸிலிருந்து மெக்கானிக் வந்தான், மோட்டாரைப் போட்டான், ஐந்து அடி அடித்துப் பார்த்தான், நன்றாக இருக்கிறது என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு ரயிலைப் பிடித்தான். மோட்டாரை நிறுத்தினால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். இன்னும் இரண்டு அடி அடிக்க அந்தப் புண்ணியவானுக்குக் கால் வலித்துவிட்டது.

கேட்க நாதியில்லை என்றால் ஆட்களே ஒரு வழி செய்துகொள்ள வேண்டியதுதான். தேசப்பன் அடிக்கு ஒரு வார்த்தையாகக் கத்த ஆரம்பித்தான். "தள்ளு! தகரம்! வச்சு! மிதி! எடு! மூடி!" ஏழாவதுக்கு வார்த்தை கிடையாது. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிவிடுவான். மெஷின் வெறும் வாயை மென்றுவிட்டுப் போகும். பிறகு மறுபடி "தள்ளு!" கொஞ்ச நாளில் கொட்டகை முழுக்க அவனோடு சேர்ந்து கத்தியது. ஒழுங்காக அடிக்கிற மெஷின்காரர்கள்கூட ஏழாவதில் கையைத் தூக்கினார்கள். ஒருத்தன் கை தூக்கும்போது நாம் பார்த்துக்கொண்டிருப்பதா என்கிற ஒரு இதுதான்.

அந்தக் கத்தலைப் பாட்டாக்கியது கிரேஸ். அவள் அண்ணன் தானியேல் தகரம் வெட்டுகிறவன், சர்ச்சில் கிதார் வாசிக்கிறவன். ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர் பராசரன் வீரராகவர் கோயில் சன்னிதித் தெருக்காரர். வீட்டில் எந்நேரமும் பிரபந்தம், இவர் அறையில் மட்டும் இங்கிலீஷ் ரெக்கார்டுகள். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் தன் பாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்து ஒரு ரெக்கார்டைப் போட்டார். கிதார் உறுமியது. வெட்டுப்பட்ட எருமை மாதிரி உறுமியது! தானியேல் சோற்றுக் கையோடு எழுந்து நின்றுவிட்டான். "இன்னா சார் இது, நம்ம ஷெட்டு சத்தமாட்டம் கீது!" என்றான்.

அடுத்த மாதமே மூர் மார்க்கெட்டில் பழைய எலக்ட்ரிக் கிதார் ஒன்றைப் பிடித்தான். உடைந்த ரேடியோ ஒன்று அதற்கு ஒலிபெருக்கி ஆனது. தேசப்பன் எண்ணெய் டின்களை டிரம்ஸாக்கி, கழித்துப் போட்ட மூடிகளைக் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டான். கிரேஸ் பாடினாள்.

தள்ளு, தகரம், வச்சு, மிதி, எடு, மூடி...
டப்பாவுக்கு மூடி நான் போட்டேன்
என் வாய்க்கு மூடி எவன் போட்டான்?

ஆறு அடி முடிந்ததும் கிதாரும் நிற்கும், டின்னும் நிற்கும், கிரேஸ் இரண்டு கையையும் தூக்குவாள். ஒரு அடி நேரம் மூச்சுச் சத்தம்கூட இருக்காது. பிறகு இடி விழுந்த மாதிரி எல்லாம் சேர்ந்து ஆரம்பிக்கும். எழுபதாம் வருஷக் கிறிஸ்துமஸுக்கு சர்ச் வாசலில் பாடினார்கள். பாஸ்டர் முகத்தைச் சுளித்தார், ஜனம் பிய்த்துக்கொண்டு வந்தது. குழுவுக்கு நாலாம் நம்பர் என்றே பெயர் வைத்தார்கள். கல்யாணம், காதுகுத்து, பஸ் ஸ்டாண்டு மைதானம் என்று எங்கே பாடினாலும் ஏழாவதில் கூட்டம் மொத்தமும் கையைத் தூக்கியது. டவுன்காரர்கள் அதை ஒரு ஸ்டைல் என்று நினைத்துக்கொண்டார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும் என்று இவர்களும் விட்டுவிட்டார்கள்.

எழுபத்திரண்டில் பராசரன் அவர்களை மெட்ராஸுக்கு ஒரு ரெக்கார்டு கம்பெனிக்குக் கூட்டிப்போனார். நல்ல மனசோடுதான் கூட்டிப்போனார், அதை மறைக்கக் கூடாது. ஒரு மணி நேரத்துக்குத்தான் ரூம் என்று சொல்லிவிட்டார்கள். டின்னையும் மூடிச் சரத்தையும் உள்ளே விடவில்லை. சம்பளத்துக்கு வாசிக்கிற டிரம்ஸ்காரர் ஒருவர் கண்ணாடி அறைக்குள் தயாராக உட்கார்ந்திருந்தார். இரண்டு தடவை பாடவிட்டுக் கேட்ட ஒலிப்பதிவுக்காரர் தலையைச் சொறிந்தார்.

"ஏம்மா, ஏழாவது இடத்துல பாட்டு செத்துப் போவுதே. வாங்கறவன் ரெக்கார்டு கீறல்னு கடைக்குத் திருப்பி எடுத்தாந்துடுவான். அங்க டிரம்ஸ் ஒரு தட்டு தட்டிடட்டும்."

"அது செத்த எடம் இல்ல சார்," என்றான் தேசப்பன். "அங்க கைய எடுப்போம்."

"கை எடுக்கறது ரெக்கார்டுல தெரியாதுப்பா."

எல்லாரும் சிரித்தார்கள். தானியேல்கூடச் சிரித்தான். பாட்டு கிரேஸுடையது என்பதால் எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் காதில் ஹெட்போன் இருந்தது. அதற்குள் அவள் குரல் சொந்தக் குரல் மாதிரியே இல்லை, அத்தனை அழகாக இருந்தது. இன்னொரு தடவை கேட்க வேண்டும் போல இருந்தது. ஏழாவது அடி எங்கே விழும் என்று எங்கள் உடம்புக்கே தெரியுமே, ரெக்கார்டில் எது இருந்தால் என்ன என்று நினைத்தாள். தெரியாத கை ஒன்று நாளைக்கு வரும் என்பது அவள் புத்தியில் ஏறவே இல்லை.

"ம்," என்றாள்.

அவ்வளவுதான் அவள் சொன்னது. அந்த ஒரு 'ம்'முக்காக அவள் தன்னைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ளாத நாள் கிடையாது.

பாட்டு பிய்த்துக்கொண்டு போயிற்று. மைக்செட் வைக்கிற இடத்திலெல்லாம் அதுதான். காலேஜ் பையன்கள் ஏழாவது அடியில் தரையை உதைத்து ஆடினார்கள். கை தூக்குவதை ஜனம் மறந்தே போயிற்று. தானியேல் மெட்ராஸில் ஒரு ஹோட்டலில் கிதார் வாசிக்கப் போனவன் திரும்பி வரவில்லை. குழு கலைந்தது. கிரேஸும் தேசப்பனும் பழையபடி மூடிக் கம்பெனியில் மூடி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

எழுபத்து நாலில் பராசரனுக்கு அந்த யோசனை உதித்தது. கொட்டகையில் ஸ்பீக்கர் கட்டி, வேலை நேரத்தில் அந்தப் பாட்டைப் போட்டார். மெஷின் வேகமும் பாட்டு வேகமும் ஒன்று. ஒன்றிலிருந்து பிறந்ததுதானே மற்றது! ஆட்கள் பாட்டுக்கு மிதித்தார்கள், மூடிகள் குவிந்தன, முதலாளிக்கு வாயெல்லாம் பல். ஸ்பீக்கர் சத்தத்தில் கத்தி எண்ணுவது ஒருத்தருக்கும் கேட்காததால் அந்தப் பழக்கமும் ஓய்ந்தது. தேசப்பனைப் புதிதாக வந்த ஆறாம் நம்பருக்கு மாற்றினார்கள். நாலாம் நம்பரில் கன்னியம்மா வந்து உட்கார்ந்தாள்.

பத்தொன்பது வயசுப் பெண். திருப்பாச்சூர். வந்த முதல் நாளே பேக்கிங் பக்கம் ஓடிவந்து, "அக்கா, அந்தப் பாட்டு பாடுனது நீங்கதானா? எங்க ஊட்டாண்ட எல்லாம் அதான் பாடிக்கினு கீதுங்க!" என்று கிரேஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். கிரேஸ் அவள் விரல்களைப் பார்த்தாள்.

"தோ பாரு, கன்னிம்மா. ஆறு அடி அடிச்சதும் கைய எடுத்துரு. ஏழாவது தானா வுழும். புரிஞ்சிச்சா?"

அவள் சிரித்தாள். "பாட்டுல அப்டி இல்லியேக்கா. ஏழாவதுலயும் தட்டு கீதே. நீதான பாடிக்கீற!"

இப்படியே விட்டால் இந்தப் பெண்ணின் கை போய்விடும் என்று கிரேஸ் நேரே ஸ்டோர்ஸுக்குப் போனாள். பராசரன் ரசீதுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், ஒண்ணு அந்த ஸ்பிரிங்க மாத்துங்க, இல்லாங்காட்டி பாட்ட நிறுத்துங்க."

"என்னம்மா கிரேஸ், உன் பாட்டுன்னு உனக்கே பெருமையா இல்லையா? மெக்கானிக்தான் மெஷின் சரியா இருக்குன்னு எழுதிக் குடுத்திருக்கானே."

"அவன் அஞ்சு அடிதான் அடிச்சான் சார்! ஏழு அடிக்கச் சொல்லுங்க. இல்ல, நீங்க வந்து அடிங்க!"

"கத்தாதே. அடுத்த மாசம் வருவான், சொல்லிடறேன். இப்ப போய் வேலையைப் பாரு."

மூன்று நாள் பொறுத்தாள். தினமும் நாலாம் நம்பர் பக்கம் போய் நின்று, ஏழாவதில் கையைத் தூக்கிக் காட்டினாள். கன்னியம்மாவும் சிரித்துக்கொண்டே தூக்கினாள். பராசரன் வந்து கிரேஸை விரட்டுவார். அவள் போனதும் பெண்ணின் கை மறுபடி பாட்டின் பின்னால் போய்விடும், ஏழாவதில் நூலிழையில் தப்பும். நாள் முழுக்கக் காதில் விழுவது ஸ்பீக்கர்தானே, கிரேஸ் இல்லையே.

நாலாம் நாள் காலை பத்து மணிக்கு அந்த அலறல் கேட்டது.

கிரேஸ் ஓடிப்போனபோது தேசப்பன் அந்தப் பெண்ணைத் தூக்கிக்கொண்டிருந்தான். வலது கையில் மூன்று விரல்கள் இல்லை. நாற்பது பேரும் சுற்றி நின்று கத்தினார்கள். பாட்டை நிறுத்த ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கன்னியம்மா அலற அலற, மேலே கூரையிலிருந்து கிரேஸ் உற்சாகமாகப் பாடிக்கொண்டிருந்தாள். எடு, மூடி, தட்டு. எடு, மூடி, தட்டு. கிரேஸ் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். தன் குரல்வளையைத் தானே நெரித்துவிடலாம் போல இருந்தது.

மெக்கானிக் மறுபடி வந்தான். மறுபடி ஐந்து அடி. 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று போர்டில் காகிதம் ஒட்டினார்கள். அந்த வரியைப் படித்ததும் கிரேஸ் அதைக் கிழித்து எறிந்தாள். மறுநாள் இன்னொன்று ஒட்டினார்கள். அதையும் கிழித்தாள். மூன்றாவதைக் கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டினார்கள்.

"உடு கிரேசு," என்றான் தேசப்பன். "ஊருக்கு எளச்சவன் புள்ளையார் கோயில் ஆண்டி. நம்ம பேச்சு எங்க எடுபடும்?"

"எடுபடாதுன்னு நீ அடங்கிப் போவ. நானும் அடங்கிப் போவணுமா? பாடுனவ நாந்தான?"

இரண்டு மாதம் கழித்துக் கன்னியம்மா திரும்பி வந்தாள். பேக்கிங்கில் கிரேஸுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். இடது கையால் மூடி அடுக்கினாள். பேசமாட்டாள். பாட்டு வரும்போது மட்டும் அடுக்குவதை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்கு முன்னால் கிரேஸின் கோபமெல்லாம் ஒன்றுமேயில்லை.

ஆயுத பூஜை வந்தது. மெஷின்களைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டினார்கள். அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. பூஜை முடிந்ததும் முதலாளி தன் கையால் ஒன்பது மூடி அடிப்பார், நவராத்திரிக்கு ஒன்பது. எப்போதும் ஒன்றாம் நம்பரில்தான் அடிப்பார். இந்த வருஷம் மெட்ராஸிலிருந்து பெரிய மனிதர்கள் வந்திருந்தார்கள். விபத்து நடந்த மெஷினிலேயே முதலாளி கை வைத்தால் ஆட்களுக்குப் பயம் தெளியும், பாட்டு பிறந்த மெஷின் என்று விருந்தாளிகளுக்கும் காட்டினாற்போல் இருக்கும் என்றார் பராசரன். மெஷின் சரியாக இருக்கிறது என்றுதான் இரண்டு காகிதம் இருக்கிறதே! காகிதத்தை அவர் மனசார நம்பினார். பாட்டைப் போட ஸ்பீக்கர், ஒன்பது மூடியும் அடித்து முடிந்ததும் இரண்டு வரி பாட கிரேஸ், அவள் கையில் மைக்.

முதலாளி சட்டைக் கையை மடித்துவிட்டு நாலாம் நம்பரில் உட்கார்ந்தார். மோட்டார் ஓடியது. பாட்டு ஆரம்பித்தது. தலையை ஆட்டிக்கொண்டு தகரத்தைத் தள்ளி மிதித்தார். விருந்தாளிகள் கை தட்டினார்கள்.

ஒன்று. இரண்டு.

கிரேஸ் ஆட்களைப் பார்த்தாள். ஒருத்தர் முகத்திலும் ஈயாடவில்லை. எல்லாருக்கும் தெரியும். தேசப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான். முன்வரிசையில் கன்னியம்மா நின்றாள். கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு முதலாளியின் விரல்களையே பார்த்தாள்.

மூன்று. நாலு.

விடு, என்றது கிரேஸின் மனசு. விடுடி. வாயை மூடிக்கொண்டு நில். அன்றைக்கு மெட்ராஸில் மூடிக்கொண்டு நின்றாயே, இன்றைக்கும் நில். அடிக்கட்டும். அப்போதாவது இந்த ஜென்மங்களுக்குப் புரியட்டும். கர்த்தரே, என்னை மன்னியும் என்றுகூட அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை, அத்தனை ஆத்திரம்.

ஐந்து. ஆறு.

முதலாளியின் கை உள்ளே போயிற்று.

"கைய எடுய்யா!"

மைக்கில் போட்ட கூச்சலில் கொட்டகையே அதிர்ந்தது. முதலாளி பதறிக் கையை உருவினார். யாரும் மிதிக்காமலே இரும்பு இறங்கியது. தகரம் இல்லாத வெறும் பலகையில் 'டங்' என்று விழுந்தது. சத்தம் எல்லாருக்கும் கேட்டது. சுற்றி நின்ற பிரஸ்காரர்கள் அத்தனை பேர் கையும் பழைய பழக்கத்தில் தலைக்கு மேலே இருந்தது.

முதலாளியின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்துப்போயிற்று. விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டார். "இதை ஏன் ஒருத்தரும் எங்கிட்டச் சொல்லலை?" என்றார்.

"சொன்னேன்," என்றாள் கிரேஸ், மைக்கை இறக்காமலே. "நாலு வருசமா சொல்லிக்கினு கீறோம். அதோ நிக்கிறாளே, அவ வெரல வச்சிச் சொன்னா. அதுவும் உங்க காதுல ஏறல. உங்க வெரலு உள்ள போனாத்தான் ஏறுமா?"

விருந்தாளிகள் பொரிகடலைத் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அன்று சாயங்கால ரயிலிலேயே மெக்கானிக் வந்து இறங்கினான். ஏழு அடி அடித்தான். ஸ்பிரிங்கைக் கழற்றி மாற்றினான். அரை மணி நேர வேலை. கழற்றிய பழசு கட்டைவிரல் நீளம்கூட இல்லை. கன்னியம்மா இழந்ததில் மிகச் சின்ன விரல் அதைவிடப் பெரிது.

விஜயதசமி கழித்து வேலை ஆரம்பித்த காலையில் பேக்கிங் மேஜையில் கன்னியம்மா முதன்முதலாக வாயைத் திறந்தாள்.

"எனக்குப் போனதுக்கு வராத ஸ்பிரிங்கு, அவருக்குப் போவாததுக்கு வந்துச்சு. நீ ஏங்கா கத்துன?"

கிரேஸ் கையிலிருந்த மூடியை வைத்தாள். "கத்தாம உட்ரலாம்னுதான் நின்னேன், கன்னிம்மா. சத்தியமா. வாயி கேக்கல. மெட்ராஸ்ல அந்த ரூம்ல வரவேண்டிய கத்தலு. ரெண்டு வருசம் கழிச்சு, ஆளு மாறி வந்துச்சு."

அதற்குள் ஸ்பீக்கர் கொரகொரவென்று உயிர் பெற்றது. தள்ளு, தகரம் என்று ஆரம்பித்தது. கிரேஸ் எழுந்தாள். முக்காலியைத் தூணடியில் இழுத்துப் போட்டு ஏறி, ஸ்பீக்கர் ஒயரை இரண்டு கையாலும் பிடித்து அறுத்தாள். பராசரன் ஓடிவந்தார்.

"என்னம்மா பண்றே?"

"என் பாட்டு சார். நான் நிறுத்துறேன். ஊரெல்லாம் தட்டிக்கினு போவட்டும். இந்த ஷெட்டுல அது வேணாம்."

அவர் அவளைப் பார்த்தார். திரும்பிப் போனார். மெஷின் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது. ஆறாம் நம்பரிலிருந்து தேசப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தள்ளு!" என்று கத்தினான். அடுத்தவன் சேர்ந்துகொண்டான். மெஷின் இனிமேல் தானாக அடிக்காது, எல்லாருக்கும் தெரியும். இருந்தும் கத்தினார்கள்.

கிரேஸ் வந்து உட்கார்ந்தாள்.

"உன்ன நான் மன்னிக்கலக்கா," என்றாள் கன்னியம்மா.

"மன்னிக்காத," என்றாள் கிரேஸ். "எண்ணு."

இரண்டு பேரும் எண்ணினார்கள். எடு, மூடி என்று ஆறு முடிந்ததும் கொட்டகையில் எல்லாச் சத்தமும் நின்றது. கன்னியம்மா தன் வலது கையைத் தலைக்கு மேலே தூக்கினாள்.